ரெப் என்ற சொல்லும் சேலையூர் மாடி வீடும்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி அகராதி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். சொல்லட்டை எழுதுவது எப்படி, அடுக்குவது எப்படி என்பதையெல்லாம் உங்கள் கணினி என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுத்துவிடும். அதை விட்டுவிடுகிறேன். ஒரு சமையல் சொல்லின் வேரைத் தேடிப் போனேன். வேர் கிடைத்தது. அந்தச் சொல்லை எனக்குக் கொடுத்தவளுக்கு, குடியிருந்த வீடு போனது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு என் நினைவில் திரும்பத் திரும்ப வருவது அது ஒன்றுதான். அதைத்தான் எழுத முடிகிறது.

அப்போது அலுவலகம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. ரயில் போகும்போதெல்லாம் மேசையில் அட்டைகள் லேசாக நடுங்கும். இந்திய மொழிகளின் சமையல் சொற்களைத் திரட்டி, தமிழில் பொருளும் பிறப்பும் எழுதுகிற வேலை. வேகவைக்க, வதக்க, வாட்ட, சுட, பொரிக்க, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மொழிகளில் எத்தனை சொற்கள்! எனக்கு வந்து சேர்ந்தது யாரும் கை நீட்டாத பகுதி. வடகிழக்கு மலைகளின் குகி-சின் மொழிகள். மிசோவும் அதன் உடன்பிறந்த மொழிகளும்.

பல ஆண்டுகள் ஒரு மொழியோடு குடித்தனம் நடத்திவிட்டு, அதில் பேச ஓர் ஆள்கூட இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உங்களில் சிலருக்காவது சீக்கிரமே தெரியவரும். பீர்க்கன்கரணையில் ஏரியைப் பார்த்த ஒரு வீட்டில் தனியாக இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். துணி துவைக்கும்போது மிசோ வினைச்சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். சொல் போய்ச் சுவரில் மோதி அப்படியே கீழே விழும். எடுத்துப் பதில் சொல்ல யாரும் இல்லை.

ருவாத்தியைக் கண்டது குரோம்பேட்டையில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். சர்க்கரை பார்க்கப் போயிருந்தேன். ஊசியை எடுத்துக்கொண்டு வந்த பெண்ணின் காதில் இயர்போன். யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டே வந்தாள். புத்தகத்தில் மட்டும் நான் பார்த்திருந்த ஒரு வினைச்சொல் அந்தச் சிரிப்புக்கு நடுவில் உயிரோடு ஓடிற்று. நான் கையை நீட்டுவதற்குப் பதிலாக வாயைத் திறந்து, அவள் மொழியில், “சாப்பிட்டாயா?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் போனை அணைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அக்கா, நீங்க எங்க ஊர்ல வேலை பாத்தீங்களா?”

“இல்லம்மா. புத்தகத்துல படிச்சேன்.”

“அதான் பாதிரியார் மாதிரி பேசுறீங்க,” என்று சொல்லிவிட்டு என் நரம்பைத் தட்டினாள். “கைய மூடுங்க. இறுக்கி மூடுங்க. பயப்படாதீங்க, இத நான் புத்தகத்துல படிக்கல.”

அங்கே எல்லோரும் அவளை ரேவதி என்று கூப்பிட்டார்கள். லால்ருவாத்தி என்ற பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லையாம். மிசோரமிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலைக்குச் சேர்ந்து, நான்கு ஆண்டுகளாகச் சேலையூரில் ஒரு மாடி வீட்டில் இருந்தாள். ஒரே அறை, ஒரு சமையல் மூலை, கதவைத் திறந்தால் மொட்டை மாடி. அந்த வீடு கிடைக்கும் முன் பதினோரு வீடு ஏறி இறங்கியிருக்கிறாள். சிலர் முகத்தைப் பார்த்ததுமே “ஃபேமிலிக்குத்தான்” என்று சொல்லிவிட்டார்களாம். சிலர் “என்ன சமைப்பீங்க?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் கதவைச் சாத்தினார்களாம்.

பன்னிரண்டாவது வீட்டுக்காரம்மா மட்டும் வேறு மாதிரி. அந்த ஊரின் பழைய குடும்பம். ஒரு காலத்தில் அங்கே வயல் வைத்திருந்தவர்கள். இப்போது அந்த வயல்மேல் மூன்று வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த அம்மா ருவாத்தியிடம் சொன்னதை அவளே எனக்கு நடித்துக் காட்டினாள். இடுப்பில் கை வைத்து, கழுத்தைச் சாய்த்து:

“இன்னா வேணா துன்னுக்கோ. பன்னி துன்னு, மாடு துன்னு, எனக்கு இன்னா? நாங்க மட்டும் துன்னாமயா கீறோம்? ஆனா புரட்டாசி மாசம் மட்டும் என் வூட்ல கவுச்சி வாடை வரக் கூடாது. அது ஒண்ணுதான். எப்ப நிறுத்தணும், எப்ப ஆரம்பிக்கணும்னு நானே வந்து சொல்றேன். சொன்னா கேட்டுக்கினு இரு, நீயும் என் பொண்ணு மாதிரி.”

ஒவ்வொரு ஆண்டும் அப்படியே நடந்தது. மாதம் பிறந்தால் அந்த அம்மா படியேறி வந்து சொல்வார். மாதம் முடிந்தால் மறுபடி வந்து, “ஆச்சு, உன் ராஜ்ஜியம்,” என்று சொல்லிவிட்டுப் போவார். தமிழ் மாதங்கள் ருவாத்திக்குப் படிக்கட்டு வழியாகத்தான் வந்து போயின.

சனிக்கிழமைகளில் நான் அங்கே போகத் தொடங்கினேன். வீட்டுக்காரம்மா என்னை டீச்சர் என்றே முடிவு செய்திருந்தார். “இன்னா டீச்சர், நம்ப ரேவதி தமிழு எழுதக் கத்துக்கிச்சா?” என்று கேட்பார். நான்தான் அவளிடம் கற்றுக்கொள்ள வருகிறேன் என்று எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. நாங்கள் மாடியில் பாயை விரித்து உட்கார்வோம். நான் அட்டைகளைப் பிரிப்பேன். அவள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே ஒவ்வொரு சொல்லையும் தூக்கிப் போட்டு விளையாடுவாள். அந்த மாடியில்தான் என் மொழி முதன்முறையாக எனக்குப் பதில் சொன்னது. சனிக்கிழமை நான்கு மணிக்காக நான் வாரம் முழுக்கக் காத்துக்கிடந்தேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

‘ரெப்’ என்று ஒரு சொல். பன்றிக்கறியை நெருப்புக்கு மேலே வைத்துப் புகையில் உலர்த்துவது. எங்கள் கோப்பில் எனக்கு முன்னால் இருந்த யாரோ ‘புகையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது’ என்று எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு உறுத்தியது. மிசோவில் புகைக்கு ‘மெய்கூ’. இரண்டும் எந்தப் பக்கத்திலும் ஒட்டவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது?

ருவாத்தியைக் கேட்டேன்.

“தெரியாதுக்கா. ரெப்னா ரெப்தான். நீங்க சாம்பாருக்கு ஏன் சாம்பார்னு பேரு வெச்சீங்க?”

“அதுக்கு நாலு கதை இருக்கு.”

“நாலு இருந்தா நாலும் பொய்,” என்றாள்.

ஒரு சொல்லின் வேரை, அந்த மொழி பேசுகிறவரிடம் நேராகக் கேட்டால் கிடைக்காது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். அவர்கள் அந்தச் சொல்லுக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். தான் குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தை யார் பார்த்தார்கள்? அதனால் எங்கள் வேலையில் ஒரு வழி உண்டு. கேட்காதே, செய்யச் சொல். கை வேலையில் இறங்கினால், வாய் தன்னை மறந்து பக்கத்துச் சொற்களையெல்லாம் கொட்டும். பாத்திரத்தின் பெயர், விறகின் பெயர், இடத்தின் பெயர். அவற்றுக்கு நடுவில் எங்கோ வேர் தட்டுப்படும். நல்ல வழிதான். நானும் உங்களுக்கு அதையே சொல்வேன். ஆனால் யாருடைய வீட்டில் செய்யச் சொல்கிறாய் என்பதை அந்த வழி கேட்பதில்லை. அதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த வாரம் பதிப்பாசிரியர் போனில் வந்தார். “மேடம், உங்க பகுதி மட்டும்தான் பாக்கி. திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது. புகைன்னு இருக்கறதயே வெச்சு முடிங்க. மிசோக்காரங்க யாரு வந்து கேக்கப் போறாங்க?”

அந்தக் கடைசி வாக்கியம் என்னைக் கொளுத்திவிட்டது. யாரும் கேட்கமாட்டார்கள் என்பதற்காகவே அது சரியாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை மாலை ருவாத்தியையும் அழைத்துக்கொண்டு பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய இரும்பு விற்கும் வரிசையில் அவள் ஒரு ஃப்ரிட்ஜின் கம்பித் தட்டைத் தூக்கி வெயிலில் ஆட்டிப் பார்த்து, கடைக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தாள். நான் சற்றுத் தள்ளி இருந்த பன்றிக்கறிக் கடைக்குப் போனேன்.

“கொஞ்சம்தான் கீதும்மா,” என்றார் கடைக்காரர். “புரட்டாசி ஆச்சே. வெட்றதே கம்மி. அதுவும் நாளைக்கி சனிக்கெழம.”

எனக்குத் தெரியாததை அவர் சொல்லிவிடவில்லை. காலையில் பேருந்து நிறுத்தத்தில், நெற்றியில் நாமமும் கையில் செம்புமாக இரண்டு பிள்ளைகள் கோவிந்தா சொல்லிக்கொண்டு போனதைப் பார்த்திருந்தேன். பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் ருவாத்தி கேட்டாள்: “அக்கா, அந்த மாசம் வந்துடுச்சா? அம்மா இன்னும் மேல வந்து சொல்லல. சாருக்கு நெஞ்சு வலின்னு பதினஞ்சு நாளா ஆஸ்பத்திரி, வீடுன்னு அலையிறாங்க.”

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னேன்: “அம்மா சொல்லலைன்னா இல்லைன்னுதானே அர்த்தம்?”

அவள் தலையாட்டினாள். என்னை நம்பினாள். நான் தமிழச்சி. மாதம் எனக்குத் தெரியாதா?

நான் சொன்னது பொய்கூட இல்லை என்று அந்த நிமிடம் என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். வெறும் கேள்விதானே. மொட்டை மாடிதானே. ஒரு காலைப் பொழுதுதானே.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். கீழ்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மாடியில் செங்கல்லை மூன்று பக்கம் அடுக்கி, சவுக்குச் சிம்புகளை வைத்து மூட்டினோம். ருவாத்தி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டாள். அவள் நடையே மாறிப்போயிருந்தது. ஆய்வகத்தில் காலடி ஓசை கேட்காமல் நடப்பவள், இங்கே குதிகாலை ஊன்றி நடந்தாள். கறியைக் கைநீளத் துண்டுகளாக அறுத்து உப்பைத் தேய்த்தாள். எனக்கு ஏவல் மேல் ஏவல்.

“அக்கா, ஊதாதீங்க. அது என்ன பர்த்டே கேக்கா? விசிறுங்க. ஐயோ, அவ்ளோ வேணாம், நெருப்பு வேணாம், புகைதான் வேணும். நீங்க எழுதத்தான் லாயக்கு.”

பையிலிருந்து அந்தக் கம்பித் தட்டை எடுத்தேன். செங்கல்மேல் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவள் கறிக்கையால் சுட்டிக்காட்டி, இரண்டு மொழியும் கலந்து ஏதோ சொன்னாள். அதில் அந்தத் தட்டுக்கு அவள் வைத்த பெயர்: ‘ரப்’.

“என்ன சொன்னே?”

“ரப். மேல வைக்கிறது. எங்க பெரியம்மா வீட்ல அடுப்புக்கு நேர் மேல கம்பு கட்டித் தொங்கும். இவ்ளோ பெருசு. விதை, உப்பு, ஈர விறகு, எல்லாம் அது மேலதான் இருக்கும். கறியும் அங்கதான். இது நம்ம சென்னை ரப்,” என்று சிரித்தாள்.

தட்டைச் செங்கல்மேல் வைத்தேன், அவள் கறியைப் பரப்பினாள். புகை இல்லை. நெருப்பு இல்லை. இடம்! அடுப்புக்கு மேலே தொங்குகிற பரண்தான் அந்த வினைக்கு வேர். அக்கம்பக்கத்து உறவு மொழிகளிலும் அந்தப் பரணுக்கு இதே போன்ற பெயர் இருப்பதைப் படித்திருந்தேன். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்து வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. ‘ரெப்’ என்றால் புகையூட்டுவது அல்ல, பரணில் ஏற்றுவது. மேலே ஒரு மூலை கொடுத்து, காயும்வரை அங்கே இருக்கவிடுவது. அட்டையை எடுத்தேன். உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்தேன்.

படிக்கட்டில் யாரோ வேகமாக ஏறி வருவது கேட்டது. நெருப்புப் பிடித்துவிட்டதோ என்று பயந்து ஓடி வந்திருக்கிறார் அந்த அம்மா. கோயிலிலிருந்து திரும்பி, மாவு பிசைய உட்கார்ந்திருக்க வேண்டும். ஈரத்தலை, நெற்றியில் திருமண், மாவிளக்குக்கு மாவு பிசைந்த கை. மூச்சு வாங்கிற்று. தட்டைப் பார்த்தார். தட்டின்மேல் இருந்ததைப் பார்த்தார்.

“இன்னா இது?”

ருவாத்தி எழுந்து நின்றாள்.

“இன்னாடி இது? இன்னிக்கி இன்னா கெழம? எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து ரெண்டு நாளு ஆச்சு. பெருமாளே உசுரக் குடுன்னு வேண்டிக்கினு கீழ மாவிளக்கு ஏத்தப் போறேன். என் தலை மேலயே கறி சுட்றியா? நாலு வருசமா இன்னா கேட்டேன் உன்ன? இது ஒண்ணுதானே கேட்டேன்?”

“அம்மா, மாசம் வந்துடுச்சா? நீங்க சொல்லல...”

“நான் எங்கடி சொல்வேன்? நான் ஐசியூ வாசல்ல குந்திக்கினு இருந்தேன்!”

அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். நான் எழுதிக்கொண்டிருந்தேன். பரண், கம்பு, விதை, உப்பு, ஈர விறகு. மறந்துவிடுமே என்ற பயம். இந்த வேலையில் அந்தப் பயம் எலும்புவரை இறங்கிவிடுகிறது. சொல் பறந்துபோகும், ஆள் அங்கேயே இருப்பார் என்று நினைத்துவிடுகிறோம். ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. பேனாவை மூடிவிட்டு நான் நிமிர்ந்தபோது அந்த அம்மா என் பக்கம் திரும்பியிருந்தார்.

“ஏன் டீச்சர், அதுதான் எங்கியோ மலையிலேர்ந்து வந்த பொண்ணு. நீங்க தமிழுதானே? ஒங்களுக்குத் தெரியாதா இன்னா மாசம்னு?”

ருவாத்தியும் என்னைப் பார்த்தாள். நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும், நான்தான் செய்யச் சொன்னேன். அவ்வளவுதான். என் வாயிலிருந்து வந்தது வேறு:

“இது ஒரு ஆராய்ச்சிம்மா... ஒரு அகராதிக்காக...”

ருவாத்தி ஒரு செம்பு நீரைக் கொண்டுவந்து நெருப்பில் ஊற்றினாள். பெரிதாகப் புகை கிளம்பி மூவரையும் மூடிற்று.

“நான்தாம்மா,” என்றாள் புகைக்குள்ளிருந்து. “மறந்துட்டேன்.”

“இந்த மாசத்தோட காலி பண்ணிக்கோ.”

அந்த அம்மா கத்திச் சொல்லவில்லை. மெதுவாகச் சொல்லிவிட்டு, மாவுக்கையைத் தூக்கிப் பிடித்தபடி படியிறங்கிப் போனார்.

திங்கட்கிழமை என் பகுதி அச்சுக்குப் போயிற்று. ‘அடுப்பின்மேல் தொங்கும் பரணின் பெயரிலிருந்து பிறந்த வினை என்று தோன்றுகிறது.’ பதிப்பாசிரியர், “அருமையா இருக்கு மேடம்,” என்றார். வியாழக்கிழமைவரை எனக்குத் தைரியம் வரவில்லை. வியாழக்கிழமை அலுவலகத்திலிருந்து நேராகச் சேலையூர் போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். கம்பிக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டே அந்த அம்மா நான் சொல்வதைக் கேட்டார். நான் முழுக்கச் சொன்னேன். மாதம் எனக்குத் தெரியும், கறி வாங்கியது நான், அவள் கேட்டபோது மழுப்பியதும் நான்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப அது பொய் சொல்லிச்சு. ஒங்களுக்கோசரம்.”

“ஆமாம்மா. அவளை இருக்கச் சொல்லுங்க. தப்பு என்னோடது.”

“எங்க வூட்டுக்காரரு வேற ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டாரு, டீச்சர். ஞாயித்துக்கெழமயே வந்து பாத்துட்டுப் போய்ட்டாங்கோ. புருசன், பொண்டாட்டி, ஒரு கொழந்த. இப்ப இல்லன்னு சொல்ல முடியுமா? நீங்க அன்னிக்கே வாயத் தொறந்து இருந்தா நான் கத்திட்டு வுட்டு இருப்பேன். ரெண்டு நாளு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருந்து இருப்பேன். அவ்ளோதான்.”

நான் கிளம்பத் திரும்பினேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கட்டா? ஒங்களுக்கு ஒண்டி வூடுன்னு ரேவதி சொல்லிச்சு. பீர்க்கன்கரணைல. ஏரி ஓரம். கேக்க ஆளு இல்ல. அந்தக் கறிய ஒங்க வூட்ல வெச்சு சுட்டு இருக்கலாம்ல?”

பேச்சாளரை அவர் இடத்திலேயே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் முறை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது காரணம் இல்லை. என் வீட்டில் செய்யலாம் என்று வெள்ளிக்கிழமையே ஒரு கணம் நினைத்தேன். உடனே பக்கத்து வீட்டு ஐயர் மாமியின் முகம் வந்தது. திரைச்சீலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் வாடை வந்தது. வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். எனக்கு வேண்டாத புகையைத்தான் அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அதன்பிறகு ருவாத்தியோடு வீடு தேடி அலைந்தேன். ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், வேங்கைவாசல். நான் முன்னால் நின்று பேசினால் கதவு திறந்தது. அவள் முகம் பின்னால் தெரிந்ததும் பாதி சாத்திக்கொண்டது. கடைசியில் மேடவாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் கிடைத்தது. ஓர் அறைக்கு மூன்று கட்டில். அறையில் சமைக்கக் கூடாது. கெட்டில்கூடக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்தது.

மாதக் கடைசியில் ஒரு குட்டியானை வண்டியில் அவள் சாமான்களை ஏற்றினோம். ஒரு பீரோ, ஒரு மெத்தை, பாத்திரங்கள் நிறைந்த ஒரு அட்டைப்பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் மனத்தில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“என் வீட்டுக்கு வந்துடேன். ரெண்டு ரூம் இருக்கு. நான் ஒருத்திதான். மாடில ரப் கட்டிக்கலாம்.”

அவள் சிரித்தாள். வழக்கமான சிரிப்புதான். ஆனால் சீக்கிரமே முடிந்துவிட்டது.

“அக்கா, ரப்-ன்னா கம்பு இல்ல. கறிக்காக யாரும் அடுப்பு மூட்ட மாட்டாங்க எங்க ஊர்ல. சோறு பொங்குவாங்க, பன்னிக்குத் தீனி காய்ச்சுவாங்க, வந்தவங்களுக்கு டீ வெப்பாங்க. காலைலேர்ந்து அடுப்பு எரியும். அந்தப் புகை சும்மா மேல போகும்ல, அதுல கறி தானா ஆகும். பத்து நாள், பதினஞ்சு நாள். நாம அன்னைக்குப் பண்ணது ரெப்பே இல்ல. நீங்க ஆசைப்பட்டீங்கன்னு பண்ணேன்.” அட்டைப்பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். “உங்க வீட்ல எத்தனை வாட்டி அடுப்பு எரியும்?”

“காபிக்கு. காலைல ஒரு வாட்டி.”

“பாத்தீங்களா?”

டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியை இறக்கினாள்.

“அக்கா, கோவம்லாம் இல்ல. வீடு போனதுக்குக் கூட இல்ல. அம்மா கத்துறப்ப நான் உங்களப் பாத்தேன். ரெண்டு வாட்டி பாத்தேன். நீங்க எழுதிகினு இருந்தீங்க.”

வண்டி கிளம்பிப் போயிற்று. சொல்லும் ஆளும் ஒரே நேரத்தில் நழுவினால் எதைப் பிடிப்பது என்று அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்காவது தெரியட்டும். சொல் இன்னொருவர் வாயில் திரும்ப வரும். வராவிட்டால் ‘பிறப்பு தெரியவில்லை’ என்று அச்சடிக்கலாம். அதனால் யாரும் தெருவுக்கு வரமாட்டார்கள்.

அகராதி அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மேடவாக்கம் போனேன். தண்ணீர் லாரிகளுக்கு நடுவில் பேருந்து ஊர்ந்து போய்ச் சேர மாலையாகிவிட்டது. விடுதி வாசலில் பார்வையாளர்களுக்கு ஒரு சிமெண்டு பெஞ்ச். ருவாத்தி வந்து உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நான் அந்தப் பதிவை வாசித்துக் காட்டி, அவள் மொழியில் பொருள் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

“சரியா இருக்குக்கா. எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க.”

பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அறையில் வைக்க இடமில்லை என்றாள். அப்புறம் கேட்டாள்:

“சார் எப்படி இருக்கார்க்கா? நெஞ்சு வலி?”

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கதவுக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டபோதுகூட, உள்ளே படுத்திருந்த மனிதரைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வார்டன் கையைத் தட்டினார். நேரமாகிவிட்டது. அவள் எழுந்து உள்ளே போனாள்.

தாம்பரம் போகும் பேருந்தில் ஏறினேன். சேலையூர் வந்ததும், நினைத்து வைத்திருக்கவில்லை, இறங்கிவிட்டேன். கீழ்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா கம்பிக்கு உள்ளே வந்து நின்றார். உள்ளே டிவி சத்தம், குக்கர் சத்தம்.

“இன்னா டீச்சர்?”

“சார் எப்படி இருக்கார்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

என்னையே பார்த்தார். நான் வேறு எதற்கோ வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை என்றதும் சொன்னார்:

“நல்லா கீறாரு. உப்பு கொறச்சல், எண்ணெ கொறச்சல், வாய் மட்டும் கொறையல.”

“ருவாத்திதான் முதல்ல கேட்டா. இப்பதான் பாத்துட்டு வரேன்.”

அந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டார். யார் என்று புரிய ஒரு கணம் ஆயிற்று.

“ரேவதியா? அது ஒழுங்கா சாப்டுதா?”

“ஹாஸ்டல் சாப்பாடும்மா. அங்க சமைக்க விடறதில்ல.”

நான் நகர்ந்த பிறகும் அந்த அம்மா உள்கதவைச் சாத்தவில்லை.